ஆடவர் ரோமம் நீக்குங் கருவியைத் தெரிந்தெடுக்கும் முறை

(வாழவந்தியிற் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சவரக் கருவியைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசியார் பணித்தபொழுது அடியேன் சற்றே தயங்கினேன். தலைமுறை தலைமுறையாகக் கத்தி பிடித்த மருத்துவ குலத்தார் நிறைந்த சபையில் கத்தியைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதன்றோ என அஞ்சினேன். ஆயினும், சென்ற ஆவணி மாதத்தில் என் வீட்டில் நேர்ந்த ஒரு காரியம் என் தயக்கத்தை நீக்கிற்று. அதனை முதற்கண் கூறி விஷயத்துட் புகுகின்றேன்.

என் தமக்கையின் மகனுக்கு விவாகம் நிச்சயமாயிருந்தது. அவன் நம் தொழிலை விட்டு உத்தியோகத்திற் சேர்ந்தவன். மார்பிலும் அக்குளிலும் மறைவிடத்திலும் உள்ள ரோமத்தை நீக்க எண்ணி, எவரையும் கேளாமல், சேலத்தில் ஒரு கடையில் விலை மலிந்த யந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அது தாடியை மழிப்பதற்கென்று அமைந்தது; தோலைக் காக்கும் சீப்பு அதில் இல்லை. அதனை மெல்லிய தோலின்மேல் உலர்ந்தபடியே ஓட்டினான். பல இடங்களிற் கீறல் விழுந்தது. வெட்கத்தால் 4 நாள் மறைத்து வைத்தான். ஐந்தாம் நாள் அக்குளிற் கட்டி பழுத்து ஜ்வரங் கண்டது. ஆஸ்பத்திரியிற் கட்டியைக் கீறிச் சீழெடுத்த பிறகே மணமேடை ஏறினான். மாமன் சவரத் தொழிலில் 40 ஆண்டு பழகியவன். மருமகனோ கருவி தெரியாமற் புண்பட்டான். குறை அவனுடையதன்று, கேட்டறியத்தக்க இடமாக நாம் விளங்காமையே குறை. ஆகவேதான் இன்று பேசத் துணிந்தேன்.

தற்காலத்து ஆடவர் முகத்தை மாத்திரம் மழிப்பதில்லை. மார்பு, முதுகு, அக்குள் முதலிய இடங்களையும் திருத்திக்கொள்ள விரும்புகின்றனர். அது நன்றோ தீதோ என்பது நம் ஆராய்ச்சியன்று. உடல் நலத்திற்கு அது இன்றியமையாததுமன்று. விரும்புவோன் ஊறின்றிச் செய்துகொள்ளும் வழியைக் காட்டுவதே தொழிலறிந்தார் கடமை.

முதலாவதாகக் கருவிகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். நம் முன்னோர் அடைப்பத்தில் இருந்தவை மடக்குக் கத்தி, சாணைக்கல், தோல்வார், கிண்ணம், படிகாரம் ஆகியவையே. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரமும் ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரமும் மடக்குக் கத்திக்குப் பேர்பெற்றவை. அக்கத்தி நன்கு தீட்டப்பட்டு, கற்ற கையில் இருந்தால், அதற்கு நிகரான கருவி அரிது. கற்காத கையிலோ அது ஆயுதமேயாம். இக்குறையை நீக்க அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தேய்ந்தவுடன் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடு பொருந்திய காவற்சவரக் கருவியை அமைத்தார். 1903-ஆம் ஆண்டில், விற்பனை தொடங்கிய முதல் வருஷத்தில், விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. 1904-இல் அவருக்குப் பேடண்டு உரிமை கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையினர்க்கு இக்கருவி இலட்சக்கணக்காக வழங்கப்படவே, யுத்தத்தினின்றும் மீண்ட ஆடவர் வீட்டிலேயே தாமே மழித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

பின்னர் மின்சாரக் கருவிகள் தோன்றின. 1919-இல் லியோ வால் என்பவர் கையிலடங்கும் மின்சார முடிவெட்டும் யந்திரத்திற்கு உரிமை கோரினார். 1931-இல் ஜேக்கப் ஷிக் என்பவரது உலர்சவர யந்திரம் விலைக்கு வந்தது. 1939-இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் வட்டமாகச் சுழலும் அலகுடைய யந்திரத்தை வெளியிட்டனர். 1962-இல் இங்கிலாந்தின் வில்கின்ஸன் ஸ்வோர்டு கம்பெனியார் துருப்பிடியாத எஃகுப் பிளேட்டைப் பரப்பினர். கார்த்திகை மாதத்துப் பனிமூட்டத்தில் ஒரே இரவிற் கத்தியிற் செம்புள்ளி விழக் கண்ட நம் சேர்வராயன் மலைத் தொழிலாளர் இதன் அருமையை நன்கு அறிவர்.

நம் தேசத்து நிலைமையை நோக்கி அமைந்த கருவி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஜில்லெட் கம்பெனியார் இந்தியர்க்கென முன்னர் ஒரு கருவியை அமைத்து, அமெரிக்காவிற் கல்வி பயின்ற இந்திய மாணவர்களிடமே பரீட்சித்தனர். அம்மாணவர்க்குக் குழாயில் நீர் பாய்ந்தோடிற்று. நம் நாட்டாரிற் பெரும்பாலோரோ ஒரு கிண்ண நீரில் கருவியைத் தோய்த்து மழிப்பவர். ஆகவே ரோமமும் நுரையும் பிளேட்டின் இடையிற் சிக்கி அடைத்துக்கொண்டன. பின்னர் அவர்கள் இந்தியாவிலேயே வீடு வீடாகச் சென்று, மக்கள் மழிக்கும் முறையைக் கண்டு, எளிதில் அலசத்தக்க ஒற்றைப் பிளேட்டுக் கருவியை 2010-இல் 15 ரூபாய் விலைக்கு வெளியிட்டனர். இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? எவன் எவ்விடத்தில் எவ்வாறு உபயோகிப்பான் என்பதை அறியாமல் ‘இதுவே சிறந்த கருவி’ என்று கூறுவது பேதைமை என்பதாம்.

எனவே, கருவி வாங்க வருவோனை நோக்கி 4 வினாக்கள் கேட்க வேண்டும்.

முதல் வினா: எந்த அங்கத்திற்கு? முகத்தை வழவழப்பாக மழிப்பதற்கு ஈரச்சவரமே சிறந்தது. ரோமம் நீரை உட்கொண்டு மென்மையடைய 2 அல்லது 3 நிமிஷமாவது வேண்டும். வெந்நீரில் முகத்தை நனைத்து, சோப்பு நுரையிட்டுச் சற்றே பொறுத்து மழிப்பவனுக்குச் சாதாரணப் பிளேடும் நன்கு உழைக்கும். பொறுமையற்றவனுக்கு எந்த விலையுயர்ந்த கருவியும் எரிச்சலையே தரும். மெல்லிய உலோகத் தகட்டின் பின்னே அலகு ஓடும் மின்சார யந்திரம் நாள்தோறும் மழிப்பவனுக்கு ஏற்றது. வாரம் ஒருமுறை மழிப்பவனுடைய நீண்ட ரோமம் அத்தகட்டின் துளைகளில் நுழையாது. மார்பு, முதுகு, அக்குள் ஆகியவற்றிற்குச் சீப்புப் பொருந்திய டிரிம்மர் என்னும் கத்தரிக்கும் யந்திரமே உத்தமம். அது தோலோடு ஒட்ட மழிக்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ரோமத்தை விட்டுவைக்கும். அந்தச் சிறு குறையே அதன் பெரிய நன்மை. மறைவிடத்திற்கும் அதுவே போதும். தோலை இழுத்துப் பிடித்து, சீப்பைக் கழற்றாமல், மெல்ல ஓட்ட வேண்டும். முகத்திற்கு ஒன்றும் உடலுக்கு ஒன்றுமாகத் தனித்தனி அலகு வைத்திருத்தல் நலம்.

இரண்டாம் வினா: தோலும் ரோமமும் எத்தன்மையன? நம்மவர் பலருக்குக் கழுத்து ரோமம் சுருண்டு வளரும். அதனை ஒட்ட மழித்தால் வெட்டுண்ட கூரிய நுனி திரும்பித் தோலுட் புகுந்து கொப்புளமாகும். அதனைப் பருவென்று எண்ணி மேலும் அழுத்தி மழிப்பவர் உளர். எரியுந் தீயில் எண்ணெய் வார்ப்பது போலாம். அத்தகையோர் பல பிளேடுகள் அடுக்கிய கருவியை ஒழித்து, ஒற்றைப் பிளேட்டால் ரோமம் படிந்த திசையிலேயே மழிக்க வேண்டும். அல்லது டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுக் கத்தரிக்க வேண்டும். வேரோடு பிடுங்கும் யந்திரமும் மெழுகும் இவர்க்கு ஆகா. மழிப்பதனால் ரோமம் தடித்து வளரும் என்பதோர் எண்ணம் எங்கும் பரவியுளது. அது மெய்யன்று. 1928-இலேயே மில்டிரட் டிராட்டர் என்னும் அம்மையார் பரீட்சை செய்து, மழிப்பதனால் ரோமத்தின் பருமனும் வளரும் வேகமும் மாறுவதில்லை எனக் காட்டினார். வெட்டிய நுனி மட்டமாயிருத்தலால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி, பூச்சு மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாளகத்தையும் சுண்ணாம்பையுங் கலந்து பூசி ரோமத்தை உதிர்ப்பது பழைய முறை. தாளகம் ஆர்செனிக் என்னும் நஞ்சைக் கொண்டது; அதனைக் கனவிலும் கருதற்க. தற்காலத்துப் பூச்சுகளில் தயோகிளைக்காலேட் என்னும் உப்பு, ரோமத்தின் உட்கட்டைக் கரைக்கிறது. ரோமத்தைக் கரைப்பது தோலையும் சிறிது தாக்கும். ஆதலின் முதல் நாள் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசிப் பார்த்தல் வேண்டும். பெட்டியிற் குறித்த நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. புண்ணிலும் மறைவிடத்திலும் பூசலாகாது.

ஒளிக்கதிரால் ரோமத்தைக் குறைக்கும் முறையும் நகரங்களிற் பரவி வருகிறது. அவ்வொளி ரோமத்திலுள்ள கரு நிறத்தை நாடிச் சென்று வேரைச் சுடுவது. தோலும் கருமையாயின் தோலையே சுட்டுவிடும். வீட்டிலேயே உபயோகிக்கும் ஒளிக்கருவிகள் பெரும்பாலும் வெளிறிய தோலினர்க்கு ஏற்றவை. பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள நிற அட்டவணையைப் பாராமல் நம்மவர் வாங்குவாராயின் பணத்தோடு தோலையும் இழப்பர். கருந்தோலினர்க்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் அபாயங் குறைந்தது; அதனைத் தோல் வைத்தியரிடம் மாத்திரமே பெறுதல் தகும். பல தடவை செல்ல வேண்டும். ரோமம் வெகுவாகக் குறையுமேயன்றி அடியோடு ஒழியும் என்று எவரேனும் வாக்களித்தால் நம்பற்க. நரைத்த ரோமத்திற்கு இது பயன்படாது.

மூன்றாம் வினா: நீரும் மின்சாரமும் எப்படி? மலைமேல் காற்றும் மழையும் மிகும் நாட்களில் மின்சாரம் தடைப்படுதல் நாம் கண்டதே. கம்பியோடு இணைத்தால் மாத்திரம் ஓடும் யந்திரம் அந்நாட்களிற் பெட்டியில் உறங்கும். மின்னேற்றி வைத்துக்கொள்ளும் யந்திரமாயின், ஒருமுறை ஏற்றினால் எத்தனை நிமிஷம் ஓடும் என வினவி வாங்குக. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொணரும் யந்திரம் நம் நாட்டு 230 வோல்ட்டுக்குப் பொருந்துமா எனப் பார்க்குக. நீரிற் கழுவலாம் என்று விற்போர் கூறினால் போதாது, ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்னுங் குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிஷம் கிடந்தாலும் தாங்கும் எனப் பொருள். இக்குறி இல்லாததைக் குழாயடியில் நீட்டற்க.

நான்காம் வினா: செலவு எவ்வளவு? கருவியின் விலையை மாத்திரம் நோக்குவோர் ஏமாறுவர். பிளேட்டின் விலையையும் கூட்டல் வேண்டும். ஓர் உதாரணங் கூறுவேன். வாரம் 3 முறை மழிப்பவனுக்கு வருஷத்தில் 156 சவரம். ஒரு பிளேடு 4 சவரத்திற்கு உழைக்குமாயின் 39 பிளேடு வேண்டும். ஒன்று 3 ரூபாய் எனக் கொண்டால் வருஷச் செலவு 117 ரூபாய். 1,600 ரூபாய்க்கு வாங்கிய யந்திரம் 4 வருஷம் உழைத்தால் வருஷத்திற்கு 400 ரூபாயாம். தேய்ந்த தகட்டை மாற்றுஞ் செலவு வேறு. அடுக்குப் பிளேட்டுக் கருவியில் தலைமாற்றுஞ் செலவை இவ்வாறே கணக்கிட்டுக் காண்க. மாற்று அலகு உள்ளூரிலோ சேலத்திலோ கிடைக்காத யந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

இதுகாறும் வாங்குவோரைக் குறித்துப் பேசினேன். இனி நம்மைக் குறித்துப் பேச வேண்டும்.

என் தந்தையார் அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இம்மலையூர்களில் நடந்தே சென்று தொழில் செய்தவர். கூலி பெரும்பாலும் தானியமே. ஒரே கத்தியால் ஒரு காலையில் பத்து முகம் மழிப்பார். கத்தியை நீரில் அலசித் துணியில் துடைத்தால் சுத்தம் என்பது அக்காலத்து அறிவு. அவர் முதுமையில் ஈரல் நோயால் மெலிந்து மாண்டார். நோய் எங்கிருந்து வந்ததென எவரும் சோதித்திலர். கத்தியின்மேல் நான் பழி சுமத்தவில்லை. ஆனால் பிற்காலத்தில் ஹெபடைடிஸ்-பி என்னும் ஈரல் நோயின் கிருமி, உலர்ந்த இரத்தத்தில் 7 நாளேனும் உயிரோடிருக்கும் என வைத்தியர் ஒருவர் கூறக் கேட்டபோது, அவருடைய விரல்களில் எப்போதும் இருந்த சிறு வெட்டுக்காயங்கள் என் கண்முன் நின்றன. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவருக்கு வந்தது கத்தியாலாயின், அவர் கத்தியால் எத்தனை பேருக்குச் சென்றிருக்குமோ! அறியாமற் செய்தது பிழையன்று. அறிந்தபின் செய்வது பெரும் பாவம்.

1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி நம் தேசத்தில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதன் பிறகு பரவிய அச்சத்தினால், பிளேடு மாற்றும் கத்திகள் சவரக்கடைகளிற் பெருகின. அந்த வழக்கம் நல்லதே. ஆயினும் சவரக் கத்தியால் மிகவும் அஞ்சத்தக்கவை ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி என்பவையே. ஏனெனில் அவை உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்குகின்றன. முன்னதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் நாள், ஒரு மாதம், 6 மாதம் என மூன்று தடவை போட்டுக்கொள்வது. பின்னதற்குத் தடுப்பூசி இல்லை. குழந்தைகளுக்கு இப்பொழுது அரசாங்கத்தார் முன்னதைப் போடுகின்றனர். நம்மில் வயது வந்தோர் பலர் போட்டுக்கொண்டிலர்.

ஆகவே தொழிற்கருவி தெரிவில் நான் வேண்டுவன இவை. மடக்குக் கத்தியைப் பெருமைக்குரிய பொருளாகப் பெட்டியில் வைப்போம்; முகத்தில் வைப்பது பாதிப் பிளேடு பொருத்துங் கத்தியாகவே இருக்கட்டும். ஒவ்வொருவர் முன்னிலையிலும் உறையைப் பிரித்துப் புதிய பிளேட்டை ஒடித்துப் பொருத்துவோம்; பழையதைக் குழந்தைகள் கைபடாத தகர டப்பாவில் இடுவோம். பிடியையும் துடைத்துச் சுத்தி செய்வோம். படிகாரக் கட்டியை ஒருவர் முகத்திற் தேய்த்து மற்றொருவர்க்குந் தேய்ப்பதை இன்றோடு விடுவோம். தூளாக்கி நீரிற் கரைத்துப் பஞ்சால் ஒற்றுவோம். டிரிம்மரிற் பிளேடு இல்லை, ஆதலின் தீங்கில்லை என எண்ணற்க. அதன் பற்களும் தோலைக் கீறும். ஒவ்வொருவர்க்குப் பின்னும் ரோமத்தைத் தூரிகையால் நீக்கி, 70 சதவீத ஆல்கஹால் தடவி உலரவிட்டு, மாலையில் ஒரு துளி எண்ணெய் இட வேண்டும். ஆதலின் அலகு எளிதிற் கழலும் யந்திரத்தையே கடைக்கு வாங்குக. நீலவிளக்குப் பெட்டியில் வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும் என்பது வீண் நம்பிக்கை. ஒளி படாத இடுக்கில் அது ஒன்றுஞ் செய்யாது.

இன்னுமொன்று கூற மனம் துணிகின்றது. பல ஊர்களில் சிலருக்கு ஒரு கத்தி, வேறு சிலருக்கு வேறு கத்தி என வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. சிலருக்குச் சவரமே மறுத்ததும் உண்டு. ஊர்ப் பெரியோருக்கு அஞ்சியே நம் முன்னோர் அவ்வாறு செய்தனர். நாமும் தாழ்த்தப்பட்டிருந்தே பிறரைத் தாழ்த்தினோம். 1950-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது; 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆளுக்கொரு புதுப் பிளேடு என்னும் விதி, சட்டம் சொல்வதைக் கையாற் செய்து காட்டுகிறது. தோட்டத் தொழிலாளியும், மலையாளிப் பெருமக்களும், பங்களா முதலாளியும் ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒரே விதமாகப் பிரிக்கப்பட்ட பிளேட்டைக் காண்பர். கிருமிக்குச் சாதி தெரியாது; நம் கத்திக்கும் தெரியலாகாது.

‘வீட்டில் மழிக்கும் யந்திரத்தை நாமே சிபார்சு செய்தால் நம் பிழைப்பு என்னாவது?’ என இளைஞரொருவர் வரும் வழியில் வினவினார். நியாயமான கேள்வியே. காவற்சவரக் கருவி வந்து நூறு வருஷத்திற்கு மேலாயிற்று, சவரக்கடைகள் அழிந்தனவா? கருவி எவருக்கும் கிடைக்கும். தோலையறிந்து கூறும் சொல் கிடைப்பதரிது. நம் முன்னோர் கட்டி கீறினர், காயங் கட்டினர், நம் தாய்மார் மகப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்னும் பெயர் அதனால் வந்தது. அப்பெயருக்கு இக்காலத்தில் நாம் உரியராக வேண்டுமாயின், விற்பனைக்காரன் சொல்லாததை நாம் சொல்ல வேண்டும். என் மருமகன் என்னிடம் வந்து கேட்டிருந்தால் ஒரு சீப்பு டிரிம்மரும் இரண்டு வார்த்தையும் போதுமாயிருந்தன.

முடிவாக, இச்சபையார் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். நம் அங்கத்தினர் யாவரும் இரத்தப் பரிசோதனை செய்து ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சங்கத்தார் ஒரு நாள் குறித்துச் சுகாதார நிலையத்தாரை வேண்டுதல். பிளேடுகளைச் சங்கத்தின் பேரால் மொத்தமாக வாங்கி மலைமேலுள்ள சிறு கடைகளுக்கு அடக்க விலையில் அளித்தல். ‘ஒருவர்க்கொரு பிளேடு’ என்னும் பலகையை ஒவ்வொரு கடையிலும் மாட்டுதல். இவற்றை இன்றே தீர்மானமாக நிறைவேற்றுவீர்களாயின், என் தந்தையார் அடைப்பத்தில் எஞ்சியிருக்கும் பழங்கத்தியின் முன் நான் நாணமின்றி நிற்பேன்.